பேச்சுக்கு முந்திய பேச்சு
(தொலைபேசி இணைப்பின் குறிகை நெறிமுறைகள் – ஓர் ஒப்பாய்வு)

முன்னுரை

சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர், மரக்காணத்தை அணுகும்போது கண்ணுக்கெட்டிய தொலைவு பரந்து கிடக்கும் உப்பளங்களைக் காண்பர். பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியும் கழுவேலி ஏரியும் கடலும் அடுத்தடுத்து அமைந்த நிலம் இது. சிறுபாணாற்றுப்படை கூறும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினமும், கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் குறிப்பிடும் சோபட்மாவும் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து.

உப்பளத்தில் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு நீர் பாய்ச்சுவதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். மடையைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. எதிர்ப்பாத்தி ஆயத்தமா, பழைய நீர் வடிந்ததா, இடையிலுள்ள கால்வாய் வேறு பாத்திக்குப் பாய்ந்துகொண்டிருக்கிறதா என்று அறிந்த பின்னரே மடை திறக்கப்பட வேண்டும். நீர் ஓடுவது பின்னர்; ஓடலாமா என்னும் வினாவும் விடையுமே முதலில். தொலைபேசியின் நிலையும் இதுவே. 'ஹலோ' என்று நாம் சொல்லுமுன், நம் காதுக்கு எட்டாத ஓர் உரையாடல் இணைப்பகங்களுக்கிடையே நடந்து முடிந்துவிடுகிறது. அந்த முன் உரையாடலின் இலக்கணத்தையே குறிகை நெறிமுறை என்கிறோம். அவ்விலக்கணம் வளர்ந்த வகையினை ஒப்பிட்டு நோக்கி, அதனால் கடற்கரை மக்கள் அடைந்த பயனையும் அடைய வேண்டிய பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிகை என்பது யாது?

தொலைபேசித் துறையினர் 'சிக்னலிங்' என்று வழங்குவதையே இங்குக் குறிகை என்கிறோம். குறிப்பினால் உணர்த்துவதும் உணர்வதும் தமிழுக்குப் புதியவை அல்ல. திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வகுத்தார். 'தூது' என்று தனி அதிகாரமும் அமைத்தார். தூதன் செல்வது வேறு, அரசர் இருவர் நேரில் கூடுவது வேறு. குறிகை தூதனைப் போன்றது. பேச்சு அரசர் கூடுவதைப் போன்றது.

எந்தக் குறிகை முறையாயினும் அதற்குரிய பணிகள் நான்கு. முதலாவது, அழைக்க விரும்புவதை அறிவித்தல். இரண்டாவது, யாரை அழைக்கிறோம் என்னும் முகவரியைக் கொண்டு சேர்த்தல். மூன்றாவது, எதிர்முனையின் நிலையை – மணி அடிக்கிறது, வேறு பேச்சில் உள்ளது, எடுத்தாயிற்று என்பனவற்றை – அழைத்தவருக்குத் தெரிவித்தல். நான்காவது, பேச்சு முடிந்ததும் தடத்தை விடுவித்தல்.

இந்நான்கையும் நோக்குங்கால், பிறர் இல்லம் புகும் ஒழுக்கமாக இஸ்லாம் வகுத்த முறை நினைவுக்கு வருகிறது. அனுமதி கோரிச் சலாம் உரைக்காமல் பிறர் வீட்டினுள் புகலாகாது என்றும், திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் திருக்குர்ஆனின் 'அந்நூர்' அத்தியாயம் அறிவுறுத்துகிறது. மும்முறை அனுமதி கேட்டும் விடை வராவிடில் திரும்பிவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வாயிலில் நின்று கதவைத் தட்டியவர், 'யார்?' என்ற வினாவுக்கு 'நான்' என்று மட்டும் விடையளித்ததை அண்ணலார் விரும்பவில்லை என்பதும் நபிமொழி. அனுமதி கேட்டல், தன்னை அறிவித்தல், விடைக்குக் காத்தல், மறுப்பை ஏற்றல் ஆகிய நான்கும் கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் எவ்வாறு பேணப்பட்டன என்பதை இனிக் காண்போம்.

மனிதக் குரலும் சுழல் தட்டும்

இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் 1882ஆம் ஆண்டில் திறக்கப்பட்டன. அக்காலத்தில் குறிகை என்பது மனிதக் குரலே. அழைப்பவர் இணைப்பக ஊழியரிடம் தாம் பேச விரும்புபவரைச் சொல்வார். ஊழியர் கம்பியைச் செருகி இணைப்பார். வெளியூர் அழைப்பாயின் 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த அனுபவம் நம் முதியோர் பலருக்கும் உண்டு. இம்முறையில் அறிவும் பரிவும் இருந்தன. விரைவும் மறைவும் இல்லை.

அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் இறுதிச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரௌஜர், தம் வாடிக்கையாளரின் அழைப்புகளை ஊழியர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாக ஐயுற்றுத் தானியங்கி இணைப்பகத்தைக் கண்டறிந்தார் என்பர். அவர் காப்புரிமை பெற்றது 1891இல். பின்னர் வந்த சுழல் தட்டில் 5ஐச் சுழற்றினால் மின்னோட்டம் ஐந்து முறை அறுபடும். 0 என்றால் பத்து முறை. வினாடிக்குப் பத்துத் துடிப்பு என்பது வழக்கமான வேகம். இணைப்பகத்தின் பொறி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி ஏறித் தடத்தைத் தேடும். மனிதர் இருந்த இடத்தில் துடிப்பு வந்தமர்ந்தது.

நம் நாட்டில் ஊழியர் துணையின்றி வெளியூருக்கு நேரே சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கியது. சிற்றூர்களுக்கு அவ்வசதி பரவ வழிவகுத்தது 1984இல் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் அரசு ஆய்வு மையம். குளிர்சாதனம் இன்றியே இயங்கவல்ல அதன் 128 இணைப்பு ஊரக இணைப்பகம் 1986இல் கேரளத்தின் கிளிக்கொல்லூரில் இயங்கத் தொடங்கியது. வெப்பமும் தூசியும் மிகுந்த நம் ஊர்களுக்கு ஏற்றவாறு நம்மவர் வடிவமைத்தது அது.

பேசும் தடத்திலேயே குறிகை

வெளியூர் அழைப்புக்கு இரண்டு இணைப்பகங்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும். எவ்வழியே பேசுவது? பேச்சு செல்லவிருக்கும் தடத்திலேயே ஒலிகளை அனுப்புவது முதலில் எளிதாகத் தோன்றியது. உப்பளத்து உவமையில் சொன்னால், மடை திறக்க வேண்டும் என்னும் செய்தியைக் கால்வாய் நீரிலேயே மிதக்கவிட்டு அனுப்புவது போன்றது.

இந்தியாவிலும் பல நாடுகளிலும் வழங்கிய ஆர்-2 முறை இவ்வகையைச் சேர்ந்தது. ஆறு ஒலி அலைகளில் இரண்டை இணைத்து ஒலிக்கச் செய்தால் பதினைந்து குறிகள் கிடைக்கும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு குறி. இம்முறையின் சிறப்பு அதன் பொறுமை. முன்னோக்கிச் சென்ற குறிக்கு எதிர்முனையிலிருந்து மறுகுறி வரும்வரை அது ஒலித்துக்கொண்டே இருக்கும். மறுகுறி கேட்ட பின்னரே அடங்கும். அதன்பின் அடுத்த இலக்கம் செல்லும். ஒவ்வொரு சொல்லுக்கும் விடை பெற்றே அடுத்த சொல்லைச் சொல்லும் கண்டிப்பான ஆசிரியரைப் போன்றது இது. பிழை குறையும், ஆனால் நேரம் செலவாகும்.

பெரிய குறை வேறொன்று. அழைக்கப்பட்டவர் வேறு பேச்சில் இருந்தாலும், 'எங்கேஜ்டு' ஒலியைத் தாங்கி வருவதற்காகவே அவ்வூர் வரை முழுத் தடமும் பிடித்து வைக்கப்பட்டது. வெற்றுச் செய்திக்காக முழுக் கால்வாயும் அடைபட்டது எனலாம். அதனினும் பெரியது பாதுகாப்புக் குறை. அமெரிக்க நெடுந்தொலைவுத் தடங்களில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி 'தடம் காலியாக உள்ளது' என்னும் பொருள் தரும். தானியப் பண்டப் பொட்டியில் வந்த ஒரு விளையாட்டு ஊதல் அதே ஒலியை எழுப்புவதை அறிந்த சிலர், அதை ஊதியே கட்டணமின்றி உலகெங்கும் பேசினர். 1970களின் தொடக்கத்தில் இது பெருஞ்செய்தியாயிற்று. பேசுவோனின் வாயும் கட்டளையிடும் வாயும் ஒரே வழியில் இருந்தால், பேசுவோனே கட்டளையும் இட்டுவிடுவான் என்பது அதனால் பெற்ற பாடம்.

தனித்தடத்தில் குறிகை

இதற்குத் தீர்வாகக் குறிகைக்கென்றே தனித்தடம் வகுக்கப்பட்டது. நீர் கால்வாயில் ஓடட்டும். செய்தி சொல்பவன் வரப்பின்மேல் முன்கூட்டியே நடந்து செல்லட்டும் என்பதே இதன் கருத்து. 1980இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஆலோசனைக் குழு வகுத்த 'ஏழாம் எண் குறிகை முறை' இதன் முதிர்ந்த வடிவமாகும். நூற்றுக்கணக்கான பேச்சுத் தடங்களுக்கு வேண்டிய குறிகைகளை, வினாடிக்கு 64,000 பிட்டு செல்லும் ஓர் இணைப்பே தாங்கிவிடும்.

இதன் நடைமுறையை நம் கடற்கரை மறக்கவியலாத ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குவோம். 2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரம் 6.29க்குச் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அவ்விரண்டு மணி நேரத்தில் நம் மீனவர்க்கும் உப்பளத் தொழிலாளர்க்கும் எவ்வித எச்சரிக்கையும் வரவில்லை. ஆயினும், மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவ ஊருக்கு மட்டும் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்குப் பணிபுரிந்த அவ்வூர் இளைஞர் தம் குடும்பத்தாரை அழைத்தார். கடல்நீர் ஊருக்குள் ஏறுவதை அறிந்ததும், உடனே வெளியேறி ஊரையும் எச்சரிக்குமாறு கூறினார். ஊரார், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். அவ்வூரின் உயிர்கள் காக்கப்பட்டன.

அந்நாளில் நாடு கடந்து வரும் அழைப்பு பொதுவாக எவ்வாறு வந்து சேர்ந்தது? அழைத்தவர் 91, 413 என்று தொடங்கும் எண்ணை அழுத்தியதும், அங்குள்ள இணைப்பகம் 'தொடக்க முகவரிச் செய்தி' ஒன்றை அனுப்பும். 91 என்பதால் அது இந்திய வாயிலுக்கும், 413 என்பதால் புதுச்சேரிக்கும் சேரும். புதுச்சேரி இணைப்பகம் அவ்வெண் காலியாக உள்ளதா என்று நோக்கி, 'முகவரி நிறைந்தது' என்று விடையனுப்பி மணியடிக்கச் செய்யும். வீட்டார் ரிசீவரை எடுத்ததும் 'மறுமொழிச் செய்தி' பின்னோக்கிச் செல்லும். அக்கணமே பேச்சும் கட்டணமும் தொடங்கும். முடிவில் 'விடுவி' என்று ஒரு செய்தி. 'விடுவித்தேன்' என்று ஒரு விடை. எண் வேறு பேச்சில் இருந்திருந்தால், 17 என்னும் காரண எண்ணைத் தாங்கிய விடுவிப்புச் செய்தியே திரும்பியிருக்கும்; நெடுந்தடம் வீணே அடைபட்டிருக்காது. இவையனைத்தும் சில வினாடிகளில் முடிவன. அச்சில வினாடிகளின் ஒழுங்கின்மேல்தான் அன்று ஓர் ஊரின் உயிர் நின்றது.

இம்முறைக்கும் குறை உண்டு. அரசுத் துறைகளும் பெருநிறுவனங்களும் மட்டுமே கைக்கொண்ட காலத்தில் வகுக்கப்பட்டதால், உள்ளே இருப்பவர் அனைவரும் நம்பிக்கைக்குரியவர் என்று அது கொண்டது. 'யார்?' என்று அழுத்திக் கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை. பிறர் இருப்பிடத்தை அறியவும் பேச்சைக் கேட்கவும் இக்குறை இடம் தருவதை 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர் வெளிப்படுத்தினர்.

இணையத்தின் இரு நெறிகள்

பேச்சும் சிறு சிறு பாக்கெட்டுகளாக இணையத்தில் செல்லத் தொடங்கியதும், இரண்டு நெறிமுறைகள் எழுந்தன. தொலைபேசித் துறையின் வழிவந்த பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996இல் எச்.323 என்னும் நெறியை வகுத்தது. இணையப் பொறியாளர் குழு 1999இல் எஸ்.ஐ.பி. என்னும் நெறியை வெளியிட்டு, 2002இல் திருத்தி அமைத்தது.

எச்.323 செல்வமும் சடங்கும் மிகுந்த வீட்டுத் திருமணம் போன்றது. அழைப்புக்கு ஒரு நெறி, இருவர் கருவிகளின் திறனை ஒப்பிட இன்னொரு நெறி, வாயிற்காப்போனிடம் அனுமதி பெற வேறொரு நெறி எனப் பல நெறிகளின் தொகுதி அது. செய்திகள் இரும எண்களால் இறுக்கமாகக் கட்டப்பட்டவை. பொறிக்கு எளிது, மனிதர் படிக்க இயலாது. முதல் வடிவில் பேச்சு தொடங்குமுன் செய்திகள் பலமுறை சென்று மீள வேண்டியிருந்தது. 1998இல் வந்த இரண்டாம் வடிவம் விரைவு இணைப்புக்கு வழி செய்தது.

எஸ்.ஐ.பி. எளிமையை நாடியது. அதன் செய்திகள் கடிதம்போல் எழுத்தில் அமைந்தவை. யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வழியாக என்பனவற்றை எவரும் படித்தறியலாம். அழைப்பவர் கருவி 'அழைக்கிறேன்' என்று சொல்லும்போதே தனக்கு எந்தெந்த ஒலிவடிவம் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். எதிர்முனை 180 என்றால் மணியடிக்கிறது. 200 என்றால் ஏற்றுக்கொண்டது. 486 என்றால் வேறு பேச்சில் உள்ளது. 603 என்றால் மறுத்தது. ஏற்புக்குப் பின் அழைத்தவர் 'கிடைத்தது' என்று ஒப்புகை தந்தாக வேண்டும். சலாம், பதில் சலாம், அதன்பின் உள்ளே அடி வைத்தல் என்னும் மூன்று படிகளை இது ஒக்கும். விடை வராவிடில் அரை வினாடி, ஒரு வினாடி, இரண்டு வினாடி என இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மொத்தம் ஏழு முறை கேட்டு, 32 வினாடியில் கைவிடும். இடைவிடாது தட்டி வீட்டாரைத் துன்புறுத்தாமல், நேரம் விட்டு விட்டுக் கேட்கும் நாகரிகம் பொறிக்கும் கற்பிக்கப்பட்டுள்ளது.

இரண்டனுள் எஸ்.ஐ.பி.யே வென்றது. கைப்பேசித் துறையும் அதனையே தேர்ந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நான்காம் தலைமுறை வலையில் மட்டுமே பேச்சு வசதியைத் தொடங்கியபோது, அவ்வழைப்புகள் எஸ்.ஐ.பி. நெறியிலேயே அமைந்தன. ஆயினும் இரண்டாம் தலைமுறைக் கைப்பேசிகளின் அழைப்புகளில் ஏழாம் எண் முறையின் ஆட்சி இன்றும் நீடிக்கிறது. இரண்டு மொழி பேசுவோர் சந்திக்குமிடத்தில் மொழிபெயர்ப்பு வாயில்கள் நின்று பணி செய்கின்றன.

ஒப்பீட்டின் முடிபுகள்

மேற்கூறியவற்றிலிருந்து பின்வருவன பெறப்படும்.

1. கட்டளையும் பேச்சும் ஒரே வழியில் செல்லும் முறை எளியது. எனினும் ஏமாற்றுக்கு இடம் தருவது. தனித்தடமே காப்பு.

2. ஒவ்வொரு செய்திக்கும் விடை என்னும் கொள்கை ஆர்-2 முதல் எஸ்.ஐ.பி. வரை மாறவில்லை. மாறியது, எத்தனை விடைக்குப் பின் பேச்சு தொடங்கும் என்பதே.

3. ஏழாம் எண் முறை நம்பகமும் விரைவும் உடையது. மூடிய வட்டத்துக்குள் அமைந்தது. எஸ்.ஐ.பி. திறந்த வாயில், எவரும் புதிய பயன்களைச் சேர்க்கலாம். ஆனால் திறந்த வாயிலில் பொய்ப்பெயரில் தட்டுவோரும் வருவர். அழைப்பவரின் எண்ணைப் பொய்யாகக் காட்டும் மோசடி இன்று பெருகியிருப்பது இதற்குச் சான்று. 'நான்' என்னும் விடை போதாது என்ற நபிமொழியின் நுட்பம் இங்கு விளங்கும்.

4. முறையாக விடுவித்தலும் அழைத்தலைப்போலவே இன்றியமையாதது. விடுவிக்கப்படாத தடம் பிறர்க்குப் பயன்படாது.

ஒருவரை அழைத்தலும் ஊரை அழைத்தலும்

இத்துணைச் சிறப்புடைய நெறிமுறைகள் அனைத்துக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. இவை ஒருவர் ஒருவரை அழைப்பதற்கென அமைந்தவை. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே கரையைக் கடந்தது. அத்தகைய இரவில் கரையோர மக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் உறவினரை அழைக்க முற்பட்டால் என்னாகும்? கைப்பேசி ஒவ்வொன்றும் முதலில் கோபுரத்திடம் 'பேச இடம் தருக' என்று கேட்க வேண்டும். அவ்வேண்டுகோளுக்கென உள்ள பொதுத்தடம் குறுகியது. இரண்டு வேண்டுகோள் ஒரே கணத்தில் மோதினால் இரண்டும் கெடும், மீண்டும் கேட்கும், மேலும் மோதும். வாயில் ஒன்று, தட்டுவோர் ஆயிரவர் என்ற நிலையில் அனுமதி கேட்கும் ஒழுக்கமே நெரிசலாகிவிடுகிறது.

பாங்கு இதற்கு வழிகாட்டும். வீட்டு வாயிலில் சலாம் உரைப்பவர் விடைக்குக் காத்து நிற்பார். பாங்கு உரைப்பவர் ஒவ்வொரு வீட்டிலும் அனுமதி கேட்பதில்லை. குரல் ஒன்று, கேட்போர் ஊரார் அனைவரும். கைப்பேசியிலும் இதற்கு இணையான முறை உண்டு. கோபுரம் ஒன்றின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் முறை அது. தனித்தனி இணைப்பு அதற்குத் தேவையில்லை. ஆதலால் நெரிசலும் இல்லை. 2023இல் நம் நாட்டில் இதன் சோதனை எச்சரிக்கைகள் உரத்த ஒலியுடன் கைப்பேசிகளில் தோன்றியதைப் பலரும் கண்டிருப்பர்.

ஆயினும் ஒலிபரப்பில் விடை இல்லை. யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வெயிலில் உப்பு வாரும் பெண்ணுக்கும், மின்கலம் தீர்ந்த மீனவருக்கும் அது எட்டாது. எனவே ஊரை அழைக்கும் முறையும் ஒருவரை அழைக்கும் முறையும் ஒன்றையொன்று நிரப்ப வேண்டும். நல்லவாட்டில் நிகழ்ந்தது இதுவே. கடல் கடந்த ஓர் இணைப்பு ஒரு வீட்டுக்கு வந்தது. அவ்வீட்டிலிருந்து ஒலிபெருக்கி அதனை ஊருக்கு உரைத்தது. இரண்டில் ஒன்று தவறியிருப்பினும் ஊர் தவறியிருக்கும்.

முடிவுரை

குறிகை நெறிமுறைகளின் வரலாறு, விரைவைத் தேடிய பொறியாளரின் வரலாறு மட்டுமன்று. கேட்டுப் புகுதல், பெயர் சொல்லுதல், விடை அளித்தல், முறையாய் விடைபெறுதல் என்னும் மனிதப் பண்புகளைப் பொறிக்குக் கற்பித்த வரலாறும் ஆகும். நம் மாணவர் இத்துறையைத் தமிழிலும் பயில வேண்டும். உப்பளத்துத் தொழிலாளிக்கும் கடலோரத்து முதியவருக்கும் விளங்கும் சொற்களில் எச்சரிக்கைகள் அமைவது அவர்கள் கையில்தான் உள்ளது. செய்தி சென்று சேர்ந்தது என்பதோடு பொறியின் கடமை முடிந்துவிடும். செய்தி விளங்கியது என்று உறுதி செய்வது மொழி கற்றவர் கடமை. மரக்காணக் கரையில் அடுத்த புயல் வருமுன் அக்கடமையை நாம் நிறைவேற்ற எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.